கயிற்றில் கட்டாத கப்பல்

சிவமணி அறை பார்க்க வந்த அன்று வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. தண்ணீர் எந்த நேரம் வரும், வடக்கிலிருந்து வருகிறவர்கள் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவுக்கு நான் கூட வருவேனா என்றும் கேட்கவில்லை. யன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச கடல் கேக்குமோ அன்ரி?"

வெள்ளவத்தையில் அறை தேடி வருகிறவர்கள் கடல் பக்கமாகக் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீடு காலி வீதிக்குக் கிழக்கே, உள்ளுக்குப் போகிற ஒழுங்கையில். பஸ் சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவும்தான் கேட்கும், அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை என்றேன். "அப்ப சரி" என்றவள் அன்று பின்னேரமே சூட்கேசோடு வந்துவிட்டாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பது, ஒருநாள் சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது. தொண்ணூற்றுமூன்றில் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடனீரேரியைக் கடந்து கொழும்புக்கு வந்தவள். அந்த நாளில் வேறு பாதை இல்லை. இருட்டில், விளக்கு இல்லாமல், வள்ளங்களை ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முன்னால் ஒரு மோட்டர் வள்ளம் இழுத்துக்கொண்டு போகும். நேவி கண்டால் சுடும். அவள் இருந்தது கடைசிக்கு முந்தின வள்ளம். கரைக்கு வந்து விடிந்த பிறகு பார்த்தால், பின்னால் கட்டியிருந்த வள்ளத்தைக் காணவில்லை.

"கயிறு மட்டும் வந்தது அன்ரி."

சொல்லிவிட்டு மறுபாதித் தேங்காயை எடுத்தாள். இதை அவருக்குச் சொன்னாயா என்று கேட்டேன். அவர் என்றால் நவரத்தினம், அவளுடைய புருசன், லண்டனில். இல்லையாம். எல்லாரும்தானே கடந்தவை, கைக்குழந்தையோடு கடந்தவையும் இருக்கினம், எனக்கு மட்டும் என்ன புதினம், தூரத்தில் இருக்கிற மனுசனுக்குப் பயத்தை அனுப்புவானேன் என்றாள். நானும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நான் திறக்கவில்லை.

கலியாணம் முடிந்து சில மாதத்தில் ஏஜென்சி மூலம் போனவர் அவர். அங்கே வருசக் கணக்காகத் தங்குகிற பேப்பர் இல்லாமல் இழுபட்டு, இப்போதுதான் கிடைத்திருந்தது. பேப்பர் கிடைத்த கையோடு பெண்சாதியைக் கூப்பிட அலுவல் பார்த்தார். விசாவும் பாஸ்போட்டில் குத்தியாயிற்று. டிக்கற் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சிவமணி முதலில் ஆடி போகட்டும் என்றாள். பிறகு தாயின் திவசம் என்றாள். பிறகு அங்கே குளிராமே என்றாள். கடலுக்கு மேலால் பறக்க வேண்டும் என்கிற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விசா முடிவதற்குள் ஏறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, அதுவும் இனிக் கிடைக்குமோ யாருக்குத் தெரியும்.

ரெலிபோன் என் ஹோலில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம் மணி அடிக்கும். சிவமணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். எழும்பி உள்ளே போக நினைத்தாலும் இருக்கிறதே இரண்டு அறை. எங்கே போனாலும் கேட்கும். அவளுடைய பாதி மட்டும். "சாப்பிட்டீங்களோ." பேச்சில்லை. "ஓம்." பேச்சில்லை. "குளிரோ." அவருடைய பாதியை நான்தான் போட்டு நிரப்பிக்கொள்வேன். நாள் போகப் போக அவருக்கு ஒரு குரலும் கொடுத்துவிட்டேன். கட்டையான, அதட்டலான குரல். அவளுடைய கலியாணப் படத்தில் மீசை அப்படி.

இதற்கிடையில்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கொட்டாஞ்சேனையில் ஷரீப் நானா என்று ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். கலியாணக் காட், மரண அறிவித்தல், பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் எல்லாம் அடிப்பார். பிள்ளைகளுக்கு உலகப் பெரியவர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊரில் இங்கிலீஸ் படிப்பித்த சிவமணியைப் பிடித்து எழுதச் சொன்னார். முதல் புத்தகம் பிராங்க்ளின்தான் என்பதில் நானா ஒரே பிடி. அமெரிக்கா தனி நாடானபோது கையெழுத்து வைத்த பெரிய மனிதர், இடி மின்னலில் பட்டம் விட்டவர், இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்பதெல்லாம் அவருக்குப் பிறகு. "தொடங்கினது பிரஸ்ஸுல தங்கச்சி. நம்ம ஆள்" என்பார்.

சிவமணி மூன்று புத்தகம் சேர்த்தாள். ஒன்று படம் போட்ட குழந்தைப் புத்தகம். அதில் பிராங்க்ளினுக்குப் பட்டம் இருந்தது, பெண்சாதி இல்லை. இரண்டாவது மருதானை நடைபாதையில் வாங்கியது, தலையணை மொத்தம், மட்டையைக் காணோம். மூன்றாவதை நவரத்தினம் லண்டனிலிருந்து இங்கே கலியாண வீட்டுக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார். காருக்குப் பெற்றோல் அடிக்கிற செற்றில் வேலை செய்கிறவருக்கு இதில் என்ன பிடித்ததோ தெரியாது, தனக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். லண்டனில் பிராங்க்ளின் வருசக் கணக்காகத் தங்கியிருந்த வீடு இன்னும் நிற்கிறதாம், பெரிய ஸ்ரேசன் ஒன்றுக்குப் பக்கத்தில், சுவரில் பெயர் எழுதி. லீவு நாளில் நடந்துபோய்ப் பார்த்து வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. "சாப்பிட்டீங்களோ" முடிந்ததும் பிராங்க்ளின் வருவார். மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே மணி கட்டியிருந்தாராம். இடிமுகில் மேலால் போனால் தானாக அடிக்குமாம். அவர் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட, பெண்சாதி தனியே அந்த மணியோடு கிடந்து பயந்து, இதை எப்படி நிப்பாட்டுவது என்று எழுதிக் கேட்டாளாம். அவர் அங்கிருந்து வழி எழுதி அனுப்பினாராம். இதைப் போனில் சொல்லும்போது சிவமணி சிரித்தாள். "உங்கட மணியும் அப்பிடித்தான். அடிச்சா எனக்கு நெஞ்சு திக்கெண்டுது." அவள் அந்த ரெலிபோனில் சிரித்ததை நான் முதல்முறை கேட்டது அன்றுதான். சமையலறையில் நானும் சிரித்தேன்.

பெண்சாதியின் பெயர் தெபோரா. புத்தகத்துக்குப் புத்தகம் அவள் வேறு மாதிரி இருந்தாள். தடித்த புத்தகத்தில் கெட்டிக்காரி. கடை பார்த்தாள், கலகக்காரர் வீட்டை உடைக்க வருகிறார்கள் என்றபோது ஓடாமல் துவக்கோடு நின்றாள். அதை வாசித்த அன்று எனக்கு எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் நினைவு வந்தது. நாங்கள் நிற்கவில்லை, மதில் ஏறிக் குதித்தோம். லண்டனிலிருந்து அவர் பிங்கானும் துணியும் அனுப்பினாராம். சிவமணிக்கு வந்தது சொக்கலேற்றும் குளிர்க் கோட்டும். ஆனால் தெபோரா லண்டனுக்குப் போகவே இல்லை. நண்பர் ஒருவர் வா வா என்று எழுதியும் போகவில்லை. கடல் பயம் என்று ஒரு வரியில் இரண்டு புத்தகமும் முடித்துவிட்டன. பிறகு அவள் நோயில் விழுந்தாள். வாருங்கள் என்று எழுதினாள். அவர் இந்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளித் தள்ளி, அவள் செத்த பிறகுதான் கப்பலேறினார்.

சிவமணி அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டாள்.

"அந்த மனுசன் ஏன் போகேல்லை?"

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அவள் திருப்பிச் சொன்னதிலிருந்தே தெரிந்தது. நாட்டு அலுவலோ. அவ வந்திருக்கலாமோ. கூப்பிட்டவர்தானே எண்டோ. பிறகு அவளுடைய குரல் தணிந்தது.

"நான் அந்த மனுசியைத்தான் கேட்டனான்... இல்லை, நான் என்னைச் சொல்லேல்லை... வர விருப்பமில்லையெண்டு நான் எப்ப சொன்னனான்?... அப்ப அப்பிடியே நினைச்சுக்கொள்ளுங்கோ."

வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பாத்திரம் எல்லாம் கழுவி முடித்து, துடைத்து, அடுக்கியும் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. ரிசீவர் சரியாக இருக்கிறதா என்று நான் தூக்கிப் பார்த்தேன். சிவமணி மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவதுண்டு. நாங்கள் சைவம்தான், அந்தோனியார் அதைப் பார்ப்பதில்லை. அந்தச் செவ்வாய் சிவமணியும் எழுதியதை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். மெழுகுதிரி கொளுத்திவிட்டு அச்சகத்துக்குப் போனோம். ஷரீப் நானா பிளேன்ரீ சொல்லி அனுப்பிவிட்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினார். பட்டத்துக்குத் தலையாட்டினார். மணிக்குச் சிரித்தார். தெபோராவின் பக்கத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. முதலுக்குப் போய் மறுபடி வாசித்தார்.

"தங்கச்சி, இந்தக் கப்பல கவுத்தால கட்டியா கொண்டு போனாங்க?"

நானா தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பெரிய கடல்ல ஒரு கப்பலுக்குப் பொறகால இன்னொரு கப்பலக் கட்டி இழுக்க ஏலுமா? புள்ளைகள் கேட்டா நான் என்னத்தச் சொல்ற? எந்தப் பொஸ்தகத்துல ஈக்குது இது?"

"சின்னப் பிள்ளையா இருக்கேக்க தாய் தேப்பனோட கப்பலில வந்தவ எண்டு ஒரு புத்தகத்தில இருக்கு நானா. மற்றதில அங்கதான் பிறந்தவ எண்டு இருக்கு."

"அப்ப 'என்று சொல்லப்படுகிறது' ண்டு போடுங்க. கடல் பயம்ண்டு போடுங்க. புருசன் வராமலே மவுத்தானதையும் போடுங்க, அது உண்மை, புள்ளைகளும் தெரிஞ்சுகொள்ளட்டும். கவுத்த மட்டும் எடுங்க." கண்ணாடியைக் கழற்றி, அந்தத் தாளை மட்டும் மடித்து அவளிடம் நீட்டினார். "நல்லா எழுதீக்கிறீங்க. ஆனா இது அந்த மனிசிட கவுறு இல்ல."

திரும்பும்போது அவசரத்தில் கோட்டைப் பக்கமாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டோம். அது காலிமுகத்திடலைச் சுற்றித்தான் வரும். சிவமணி என் தோளைத் தட்டினாள்.

"அன்ரி, யன்னல் பக்கம் நீங்க இருங்கோ."

மாறி இருந்தேன். கடல் முழுக்க என் பக்கம் வந்தது. அவள் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குள் நிற்கிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிறு மணி அடித்தது. சாப்பாடு பற்றியோ குளிர் பற்றியோ பேச்சே இல்லை. ஷரீப் நானா ஒரு பக்கத்தை வேண்டாமென்றுவிட்டார், எழுதினது எழுதினதுதான், வாசிக்கட்டே என்று கேட்டாள். தாளை விரித்துப் பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தாள்.

"தெபோராவுக்குக் கடலென்றால் பயம். அலைக்கு அல்ல; அலையைப் பார்க்கக்கூட அங்கே வெளிச்சம் இல்லை. ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டப்பட்டுக் கப்பல்கள் போயின. பலகைக்கு அடியில் தண்ணீர் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்தியிருந்தாள். கயிறு இறுகும்போது பின்னால் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். ஒருமுறை அது இறுகவில்லை. திரும்பிப் பார்க்கலாமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கரையில் இருந்தாலும் அவள் கை அந்தக் கயிற்றைத்தான் பிடித்திருந்தது. கணவர் அழைத்தபோது அவள் வரமாட்டேன் என்று சொன்னது அவருக்கு அல்ல."

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். "அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "ஓம், நல்லாத்தான் இருக்கு எண்டு நானாவும் சொன்னவர். வைக்கட்டே?"

அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். என் மனதில் இருந்த கட்டைக் குரல்காரனுக்கு எப்படி விளங்கும்? வைத்த பிறகு அவள் ஹோலிலேயே இருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். ஆறும்வரை அப்படியே இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஞாயிறு இல்லாத ஒரு காலையில் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். சிவமணி இருக்கிறாவோ என்று ஒரு குரல். இரைச்சலுக்குள் அது எப்படிப்பட்ட குரல் என்று நான் கவனிக்கவும் இல்லை. லண்டன் என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன். இந்த நேரத்தில் என்னவோ என்று பயந்துகொண்டு ஓடி வந்தாள்.

மனிதர் தேடியிருக்கிறார். அவள் வாசித்ததைப் புத்தகத்தில் உள்ளது என்றே நினைத்துவிட்டார். தன் பிரதியை முதலிலிருந்து கடைசிவரை, பெற்றோல் செற்றின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்துகொண்டு வாசித்திருக்கிறார். கயிறு இல்லை. லைப்ரரிக்குப் போய்ப் பிராங்க்ளினைப் பற்றி இருந்த மற்றப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதிலும் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் எடுத்திருந்தார்.

"பக்கமோ... எனக்கு ஞாபகமில்லை... இல்லை, அதிலயும் இராது. தேடாதேங்கோ."

பிறகு அவர் ஏதோ கேட்டார். சின்னக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். சிவமணி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஓம். கப்பலை அப்பிடிக் கட்டிறேல்லைத்தான்... ஓம். வள்ளம்தான்."

இரைச்சல் அடங்கட்டும் என்று நான் அடுப்பை நூர்த்தேன்.

"கிளாலி."

ஒழுங்கையில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் காலி வீதிக்கு ஏறிப்போன பிறகுதான் அவளுடைய குரல் வந்தது.

"எங்களுக்குப் பின்னால கட்டினது... இல்லை, நாங்கள் வந்து சேந்திட்டம்தானே. எனக்கு ஒண்டுமில்லையே... ஏன் சொல்லுவான், நீங்க அங்க தனிய... அழாதேங்கோ. இஞ்சேருங்கோ, இரவு வேலை நேரமெல்லோ, ஆரும் வரப்போகினம். அழாதேங்கோ."

மீசைக்காரருக்கு நான் கொடுத்த குரல் அப்போதே கழன்று விழுந்தது. அழுகிற மனிதருக்கு அது பொருந்தாது.

அதன் பிறகு தினமும் மணி அடித்தது. அவர் வருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். அதுதான் பேச்சு. நிலைமை சரியில்லை, கட்டுநாயக்கா எயார்போட்டில் பிடிக்கிறான்கள், லொட்ஜ் லொட்ஜாகச் சுற்றிவளைக்கிறான்கள், பேப்பர் எடுக்கப் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கப் போறீங்களோ என்று அவள் கெஞ்சினாள். நானும் ஒருநாள் ரிசீவரை வாங்கி, தம்பி, அவசரப்படாதேங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். பதிலுக்கு அவர் ஒன்றுதான் சொன்னார்.

"பிராங்க்ளினுக்கும் அங்க காரணம் இருந்ததுதான் அன்ரி."

மெல்லிய குரல். கொஞ்சம் மூக்கால் வருகிற குரல்.

எயார்போட்டிலிருந்து வான் பிடித்து அவர் வந்து இறங்கியபோது மத்தியானம் திரும்பியிருந்தது. வழி நெடுகச் சோதனை. கேற்றில் நின்றவருக்கு மீசையும் இல்லை, முன் தலையில் மயிரும் இல்லை. சிவமணி படியில் நின்றபடியே பார்த்தாள். அவரும் சூட்கேசைக் கீழே வைக்காமலே பார்த்தார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். ஓம் என்றார். பொய், நான் சோறு போட்டபோது மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பொலிசில் பதிய நான்தான் கூட்டிப்போனேன். லண்டன்காரன் இந்த நேரத்தில் இங்கே என்னத்துக்கு வந்தான் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான். இவருக்குச் சிங்களம் வராது. "நோனாவ எக்கன் யன்ன" என்று நான் சொன்னேன், பெண்சாதியைக் கூட்டிப்போக என்று. அவன் பாஸ்போட்டைப் புரட்டினான், இவர் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நோனா தனியாகப் போகமாட்டாவாமா என்று கேட்டான். கடல் பயம் என்றேன். பேனையை வைத்துவிட்டுச் சிரித்து, குத்திக் கொடுத்துவிட்டான்.

ஷரீப் நானாவின் புத்தகமும் அந்தக் கிழமையில் வந்தது. மட்டையில் பட்டம், மின்னல். தெபோராவுக்கு அரைப் பக்கம். கடல் பயமும், அவர் போகப் பிந்தியதும் அப்படியே இருந்தன. கயிறு இல்லை. நவரத்தினம் அந்த அரைப் பக்கத்தை நின்றபடியே வாசித்துவிட்டு, வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

புறப்படுகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம். சிவமணி ஹோலில் சூட்கேசைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்க் கோட்டை எடுத்தாள், மடித்தாள், உள்ளே வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டாள். கை அதன் பட்டியைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. நான் பருப்புப் பொறுக்கிக்கொண்டு மேசையில் இருந்தேன். நாளைக்கு இவள் ஏறமாட்டாள் என்று பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். கதிரையை விட்டு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தார்.

"யன்னல் பக்கம் நான் இருக்கிறன்" என்றார்.

நான் சிவமணியைப் பார்த்தேன். காலிமுகத்திடல் பஸ்ஸை அவள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் பட்டியை முறுக்குவதை நிறுத்தினாள்.

"பிளேன் யன்னலில இருக்கிற சின்னக் கதவை இழுத்து மூடியும் விடலாம்" என்றார் அவர். "நான் வரேக்க மூடிக்கொண்டுதான் வந்தனான். என்னெண்டு இருக்குமெண்டு பாக்க."

"என்னெண்டு இருந்தது?"

"பஸ் மாதிரித்தான். இரைச்சல். தூக்கினால் தூக்கும், இறக்கினால் இறக்கும். பயம் வந்தால் என்ர கையைப் பிடிக்கலாம். இறுக்கிப் பிடிச்சாலும் பரவாயில்லை."

அவள் யோசித்தாள். ஒழுங்கையில் பஸ் சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ. அவர் அவசரப்படுத்தவில்லை.

"உங்கட வீட்டில கடல் கேக்குமோ?"

"இல்லை. ரெயில் கேக்கும். பின்பக்கத்தால போறது."

"அப்ப சரி" என்று சிவமணி கோட்டைச் சூட்கேசுக்குள் வைத்தாள்.